மலையேறிப் போன டூ ஸ்ட்ரோக்

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மதுரையை விட்டுக் கிளம்பினேன். என் வண்டி நூற்றைம்பது சிசி ஃபோர் ஸ்ட்ரோக். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுக்கும். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையத்தில் இட்லி சாப்பிட்டேன். அதற்கப்புறம் வலது பக்கம் மலை கூடவே வந்தது. புளியங்குடிக் கடைகளில் எலுமிச்சை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சொக்கம்பட்டியைக் கடந்ததும் காற்றில் ஈரம் தட்டியது. குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

கடையநல்லூரில் ரஹ்மத் வீட்டை அடைந்தபோது பத்து மணி. திருநெல்வேலியில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்த காலத்தில் நானும் அவளும் ஒரே விடுதி அறை. நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் கல்யாணமாகி இங்கேயே இருந்துவிட்டாள். கணவர் காஜா சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் போன மாதம்தான் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

வாசலை ஒட்டிய ஒடுக்கமான தகரக் கொட்டகையில் காஜாவின் டூ ஸ்ட்ரோக் நின்றது. நூறு சிசி, கறுப்பு நிறம், துடைத்துத் துடைத்து டேங்க்கின் பெயின்ட் ஓரங்களில் வெளுத்திருந்தது.

"எனக்கு முந்தியே இந்த வீட்டுக்கு வந்தவ இவ," என்றாள் ரஹ்மத். "இன்னைக்குச் சாயங்காலம் பண்பொழிக்காரர் ஒருத்தருக்குக் குடுக்கப் போறோம். இங்கன ஒரு வண்டிக்குத்தான் இடம் இருக்கு. ஸ்கூட்டர் வாங்கணும்லா."

"அவர் சரின்னுட்டாரா?"

"சரின்னுதான் சொன்னாக. ஆனா ரொம்ப நேரங்கழிச்சுச் சொன்னாக."

போன முறை லீவில் வந்தபோது காஜாவே குளக்கரைச் சாலையில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஊருக்குள் ஓட்டியிருக்கிறாள், வெளியே எடுத்துப் போனதில்லை. கைவிட்டுப் போவதற்குள் ஒரு தடவையாவது குற்றாலத்துக்குத் தானே ஓட்டிப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. துணைக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

தலைத்துணிக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிக்கரை மிதித்தாள். மூன்றாவது மிதியில் வண்டி பிடித்தது. நீலப் புகை தெருவை நிறைத்தது. எதிர்வீட்டுப் பெண் சன்னலைச் சாத்தினார். பெட்ரோல் பங்க்கில் நான் நிரப்பிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டேன். அவள் பைக்குள்ளிருந்து ஆயில் பாட்டிலை எடுத்து, மூடியில் அளந்து டேங்க்குக்குள் ஊற்றி, வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிக் கலந்துவிட்டுத்தான் வந்தாள். டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிய வேண்டும். புகை அதனால்தான்.

தென்காசிக்குப் பதினேழு கிலோமீட்டர். அதுவரை அவளைப் பிடிக்க எனக்குச் சிரமமாக இருந்தது. தென்காசி தாண்டி மேலகரத்தில் சீசன் நெரிசல் பிடித்துக்கொண்டது. கேரளப் பதிவெண் கார்களும் வேன்களும் வரிசையாக ஊர்ந்தன. அந்த ஊர்தலில் அவள் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. ஓரமாகத் தள்ளினோம்.

"பிளக்ல ஆயில் ஏறிட்டு. மெதுவாப் போனா இவளுக்கு ஆகாது," என்று சொல்லிக்கொண்டே பிளக்கைக் கழற்றினாள். சாரல் படாமல் நான் துப்பட்டாவை விரித்துப் பிடித்தேன். உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டினாள்.

"என் வண்டியில பிளக் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுடி."

"அதான் எனக்கும் வேணும். காலைல ஆறு மணிக்கு லேப்ல வெறும் வயித்தோட ஆளுக உக்காந்திருப்பாக. நான் இங்கன நின்னு பிளக் துடைச்சிக்கிட்டு இருந்தா விளங்குமா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். சொல்லிவிட்டு, கறுத்த விரல்களை முகர்ந்து பார்த்ததையும் நான் கவனித்தேன். "அவுக லீவுல வந்து நிக்கும்போது சட்டையெல்லாம் இந்த வாசந்தான்."

மெயின் அருவியில் கால் வைக்க இடமில்லை. நேராக ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் ஓரளவு இடம் கிடைத்தது. தண்ணீர் தலையில் மொத்தும்போது யோசிக்க எதுவும் முடியாது, அதுதான் அதன் சுகம். நான் நடுங்கிக்கொண்டு வெளியே வந்து வெகுநேரம் கழித்துத்தான் ரஹ்மத் வந்தாள். கண் சிவந்திருந்தது. அருவியில் குளித்தால் எல்லோருக்கும் சிவக்கும்தான்.

ரம்புட்டான் வாங்கி உரித்துத் தின்றோம். அவளாகவே பேசினாள்.

"கல்யாணம் ஆன வருசம், லீவு முடியுத வரைக்கும் தினமும் இங்க கூட்டியாருவாக. நான் குளிச்சிட்டு வாரதுக்குள்ள வண்டியக் கிளப்பி வச்சிருப்பாக. சீட்டு சூடா இருக்கும். இப்ப இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கான்ட்ராக்ட்ட நீட்டிட்டாக. நானும் சரின்னுட்டேன். வேற என்ன சொல்ல?"

ஐந்தருவியிலிருந்து செங்கோட்டை வழியாகப் பண்பொழி போகும்போது வண்டிகளை மாற்றிக்கொண்டோம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிப்பு நடக்கும், டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் நடக்கும் என்று படித்திருக்கிறேன். அந்த வித்தியாசத்தை அன்றைக்குத்தான் கை உணர்ந்தது. திருகியதும் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிவிடுமோ என்பது போலப் பாய்ந்தது. என்னையும் அறியாமல் சிரித்தேன். முதல் இறக்கத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. என் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். இதை விட்டால் இது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ரஹ்மத் பக்கத்தில் வந்து, "பிரேக்கப் பிடிட்டி. அது தானா நிக்காது," என்றாள்.

பண்பொழியில் திருமலைக் கோயில் மலையடிவாரத்துக்குப் பக்கத்திலேயே, வண்டியை வாங்கவிருந்த கணபதி அண்ணாச்சியின் வீடு. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வயலைப் பார்த்துக்கொள்கிறார். அவருடைய ஃபோர் ஸ்ட்ரோக் வாசலில் புல்லுக்கட்டோடு நின்றது.

"இதுவும் நல்ல வண்டிதான் தங்கச்சி, குறை சொல்லக் கூடாது. பெட்ரோல் போட்டதே மறந்து போயிரும்," என்றார் என்னிடம். "ஆனா பட்டாளத்துக்குப் போறதுக்கு முந்தி எனக்கு ஒரு டூ ஸ்ட்ரோக் இருந்துச்சு. நான் இல்லாதப்ப வீட்டுல வித்துட்டாக. அதுல இருந்து தேடுதேன்."

பேச்சு முடிந்து சாவி கைமாறியது. மலைக்குக் கொண்டுபோய் முருகனுக்கு முன்னால் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு வருவதாக அண்ணாச்சி சொன்னார். அப்போது ரஹ்மத் தம்மாமுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்து காஜா அறைக்குத் திரும்பியிருந்தார்.

"மச்சான், எடுத்துட்டுப் போறாக. கேக்கீகளா?"

"படம் வேண்டாம் புள்ள. சத்தம் மட்டும் கேக்குத மாதிரி பிடி."

அண்ணாச்சி ஒரே மிதியில் கிளப்பிவிட்டார். வண்டி மலைச்சாலையில் ஏறத் தொடங்கியது. ரஹ்மத் போனைக் கை உயரத் தூக்கிப் பிடித்தபடி சாலை நடுவில் நின்றாள். வண்டி கண்ணுக்கு மறைந்தும் சத்தம் மறையவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தேய்ந்து, நேர்ச்சாலை வந்ததும் திரும்ப எழுந்தது.

"இப்ப செகண்டுக்கு மாத்துதாரு," என்றது போன். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் ஓட்டுதாரு."

பிறகு சத்தம் கொசு ரீங்காரம்போல் ஆகி, காற்றில் ஒருமுறை வந்து, நின்றுவிட்டது. மலைமேல் போய்ச் சேர்ந்திருப்பார். ரஹ்மத் கையை இறக்கவில்லை. வயலுக்குத் தண்ணீர் பாயும் ஓசை மட்டும் கேட்டது.

"போயிருச்சா?" என்று கேட்டார் காஜா.

"போயிருச்சு."

அவள் போனைக் காதருகே கொண்டுபோனாள். "மச்சான், அடுத்த லீவுக்கு வரும்போது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு யாரும் கார் எடுத்துட்டு வர வேண்டாம். நான் ஸ்கூட்டர்ல வாரேன். நான் ஓட்டுவேன். பின்னால உக்காந்து வருவீகளா?"

நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். இருந்தும் கேட்டது. காஜா, "செங்கோட்டைக் கணவாயில மழை பெஞ்சா என்ன செய்வ?" என்றார்.

"நனைவோம்."

"சரி, வாரேன்," என்றார்.

அன்றிரவு கடையநல்லூரில் தங்கி, மறுநாள் காலை கிளம்பினேன். வந்த வழிதான். ராஜபாளையம் வரை கூட வந்த மலை அப்புறம் விலகிப் போனது. வண்டியை எதற்கும் குறை சொல்ல முடியாது. ரஹ்மத்துக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்கூட்டரைத்தான் சிபாரிசு செய்துவிட்டு வந்தேன். மதுரையில் வெயில் கொளுத்தியது. எங்கள் தெருவில் திரும்பி, வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். உள்ளே டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. என் வண்டிக்குச் சத்தம் குறைவு, நான் வந்தது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கேட் சாவி பையில்தான் இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டு, யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று பார்த்தபடி வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தேன்.