கிணற்றில் கிடந்த உளிகள்

பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கிழமைகளில் எனக்கு ஒரே வேலைதான். யார் வீட்டு வாசலில் ஜீப் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போவேன். ஈஸ்டர் ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு, முஸ்லிம்களான எங்கட ஆக்களின் ஊர்களில் இராணுவம் வீடு வீடாகத் தேடியது. இறைச்சி வெட்டுகிற கத்தியை வீட்டில் வைத்திருக்கவே சனம் பயந்தது. என் அலுமாரி லாச்சியிலோ உளிகள் நிறைந்து கிடந்தன.

நான் சித்திர டீச்சர். பள்ளியில் வெண்டிக்காயை வெட்டி மையில் தோய்த்து அச்சுக் குத்துவதில் பிள்ளைகளுக்குத் தொடங்கிக் கொடுப்பேன். வீட்டில் என்னுடைய வேலை பலகையில் உருவம் செதுக்கி, மை பூசி, கடதாசியை அமத்தி அச்சு எடுப்பது. மரத்தைப் பாழாக்கி மையால் விரலைக் கறுப்பாக்குகிற வேலை என்றுதான் உம்மா அதைச் சொல்லுவா. அந்த மாதங்களில் கொழும்புக் கண்காட்சிக்கென்று ஒரு பெரிய பலகை செய்துகொண்டிருந்தேன். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வடக்கை விட்டுப் போகச் சொன்னபோது, எங்களை மன்னாரிலிருந்து கற்பிட்டிக்குக் கொண்டுவந்த வள்ளம். அதில் உம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா.

“அந்த உளியெல்லாத்தையும் எங்கயாவது கொண்டு போய்ப் போடு மகள்” என்று உம்மா பின்னாலேயே திரிந்தா.

“என்னத்துக்கு? நான் கள்ள வேலையா செய்றன்? கேட்டா எடுத்துக் காட்டுவன்” என்றேன். எனக்கும் பயம்தான். பயம் வந்தால் என் வாய் இன்னும் நீளும்.

ஒரு காலையில் எங்கள் வாசலிலும் ஜீப் வந்து நின்றது. அதிகாரி மரியாதையானவர். அரிசி வாளி, மெத்தை எல்லாம் பார்த்து முடித்து, சுவரில் இருந்த அச்சுப் படங்களுக்கு முன்னால் நின்றார். யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான், சித்திர டீச்சர் என்றேன். எதால் வெட்டினீர்கள் என்றார். இந்தக் கேள்விக்குத்தான் நான் எத்தனையோ நாளாக ஆயத்தமாக இருந்தேன். பெரிய கெட்டிக்காரி போல லாச்சியை இழுத்துத் திறந்தேன்.

உள்ளே ஒரு உளியும் இல்லை. மரத்தூள் மட்டும் கிடந்தது.

அதிகாரியின் முகம் மாறிப்போனது. குசினி வாசலில் உம்மா சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றா. “கிணத்துல போட்டுட்டன் மகள்” என்று மெல்லச் சொன்னா.

அம்மா என்ன சொல்கிறா என்று அவர் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, உம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. இடையில் நான். பிள்ளைகள் கொண்டு போனார்கள் என்று சொன்னால் பள்ளிக்குப் போய்த் தேடுவார்கள். உள்ளதைச் சொன்னால், கூரான சாமானைக் கிணற்றில் ஒளித்த பொம்பிளை என்று உம்மாவை ஏற்றிக்கொண்டு போவார்கள். இதைவிடச் சின்ன விசயத்துக்கெல்லாம் ஆட்களைக் கொண்டு போயிருந்தார்கள். கடைசியில் உள்ளதைத்தான் சொன்னேன்.

பிழை ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் போட வேணும் என்று கேட்டார். நான் அதை உம்மாவிடம் கேட்டேன்.

“மன்னாரில எங்கட வீட்டுல ஒரு பிழையும் இருக்கல்லயே. அப்பயும் எங்களப் போகத்தானே சொன்னாங்க.”

அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அவர் ஒரு சிப்பாயைக் கிணற்றடிக்கு அனுப்பினார். வாளி எடுக்கிற கொளுக்கியைப் போட்டு, முடிச்சுப் போட்ட தலையணை உறை ஒன்றை அவன் தூக்கிக்கொண்டு வந்தான். உவர்த்தண்ணி சொட்டச் சொட்ட உளிகளை என் மேசையில் பரப்பினார்கள்.

“வெட்டிக் காட்டுங்க டீச்சர்” என்றார் அதிகாரி.

வெட்டிக் காட்ட மேசையில் இருந்த பலகை அந்த வள்ளப் பலகை மட்டும்தான். அதில் இன்னும் வெட்டாத கடல் மூலையில் உளியை வைத்தேன். ஈர உளி வழுக்கி, வள்ளத்துக்குக் குறுக்காக ஒரே இழுவையாகப் போய் நின்றது. வெட்டிய மரத்தைத் திரும்ப ஒட்ட ஏலாது. வெட்டின இடம் கடதாசியில் வெள்ளையாகத்தான் விழும்.

போதும் என்றார் அவர். இனி இதுகளை எங்கேயும் போடாதீங்க, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீப் சத்தம் மறைந்ததும் நான் உம்மாவை வாயில் வந்தபடி ஏசினேன். உம்மா தேங்காயெண்ணெய் எடுத்து உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தா.

புதுப் பலகை செய்ய நேரமில்லை. அந்தக் கோட்டோடேயே அச்சு எடுத்துக் கொழும்புக்குக் கொண்டு போனேன். அந்த வெள்ளைக் கோடுதான் படத்துக்கு உயிர் என்று அங்கே ஒருவர் புகழ்ந்தார்.

உம்மாவும் கூட வந்திருந்தா. படத்துக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தா. கோடு, வள்ளத்தில் இருக்கிற உம்மாவின் நெஞ்சுக்கு மேலால் போகிறது.

“இது நான்தானே?”

“ஓம் உம்மா. அண்டைக்குக் கை நடுங்கிப்போச்சு.”

“உண்ட கைய நான் பாக்கல்ல மகள். நீ என்னத்தச் சொல்லப் போறியோ எண்டு உண்ட வாயத்தான் பாத்துக்கிட்டு நிண்டன்.”

“நீங்க சொன்னத அப்படியேதான் சொன்னன் உம்மா.”

“ஓம்” என்றா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுக்குப் புறகுதானே என்ன ஜீப்புல ஏத்தாம கிணத்தடிக்குப் போனாங்க.”