துண்டுக்குள் பேசிய விலை

மாட்டுத் தரகர்கள் தோளில் கிடக்கும் துண்டைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். வேர்வை துடைக்கிற துண்டுதான். அதை விரித்து, அடியில் கையை விட்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். எந்த விரலை எத்தனை முறை அழுத்தினார்கள் என்பது அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. மாட்டை வளர்த்தது பெண் என்றால் அவளுக்கும் தெரியாது. அந்நிய ஆம்பளையின் கையை அவள் பிடிக்கலாமா?

ஐம்பதுகளின் கடைசியில் நான் கோவில்பட்டிப் பக்கம் கிராம சேவிகாவாக இருந்தேன். பெண்கள் சொந்தமாகத் தொழில் செய்ய உதவுவது என் வேலை. உதவி என்று மேலிருந்து வந்தவை ஊறுகாய் செய்முறையும் குரோஷா ஊசியும். கரிசல் காட்டில் களையெடுத்துக் கை காய்த்துப்போன பெண்களுக்குப் பூப்பின்னல் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒருத்தி முதல் நாளே ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது எனக்கு எதுக்கு டீச்சரம்மா? நான் மாட்டு யாவாரம் பாக்குதேன்" என்றாள்.

கணவனை இழந்தவள், முப்பது வயதிருக்கும். மழை பொய்த்த வருஷங்களில் ஊர் ஊராகப் போய், எலும்பும் தோலுமாக நிற்கும் கன்றுகளை வாங்குவாள். பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றி, இரண்டு வருஷத்தில் உழவுக் காளைகளாக்கிவிடுவாள். பல்லைப் பார்த்து வயது சொல்வதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆனால் சந்தையில் துண்டுக்குள் கையை விடுவது அவள் கொழுந்தன். வீட்டுக்கு வந்து அவன் சொல்வதுதான் விலை.

"எம்மாடு என்ன வெலைக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியணும். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் உதவி கேட்டதில்லை. எங்கள் அதிகாரியிடம் சொன்னேன். பெண்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று முந்தின வாரம்தான் மாதர் சங்கத்தில் அரை மணி நேரம் முழங்கியவர். சந்தைக்கு வரச் சம்மதித்தார்.

சந்தையன்று அவள் வளர்த்த ஜோடிக் காளைகளுக்கு விலை பேசக் கொழுந்தன் கையை நீட்ட, தரகர் துண்டை விரித்தார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"மாடு என்னது அண்ணாச்சி. வெலைய எங்கிட்டச் சொல்லுங்க."

"பொம்பள கையப் பிடிச்சு நான் எப்படித் தாயி வெல பேசுவேன்? ஊரு என்ன சொல்லும்?"

"கைய எதுக்குப் பிடிக்கணும்? வாய் இருக்குல்லா, சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாய்விட்டுச் சொன்னால் சந்தையே கெட்டுவிடும் என்றார் தரகர். கெடத்தான் செய்யும், யார் எவ்வளவு அமுக்குகிறார்கள் என்று தெரிந்துவிடுமே. நான் அதிகாரியைப் பார்த்தேன். "சந்தை வழக்கத்துல நாம தலையிடக் கூடாதும்மா" என்றவர் சோடாக் கடைப் பக்கம் நடந்துவிட்டார். அந்த முதுகின் மேல் எதையாவது எடுத்து எறியலாம் போலிருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எனக்காவ நீங்க கைய விடுங்க டீச்சரம்மா. நீங்க சர்க்கார் உத்தியோகம். உங்கள எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்." தான் எதிர்பார்க்கும் விலையை என் காதோடு சொன்னாள்.

"வாங்க டீச்சர்" என்று தரகர் துண்டை என் பக்கம் நீட்டினார். கிண்டல்தான். ஆனாலும் துண்டு விரிந்தபடி இருந்தது.

எனக்கு இருபத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் கதை கோவில்பட்டி முழுக்கப் போய்விடும் என்று நினைத்தேன். கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன்.

கொழுந்தன் கையை விட்டான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. காளைகளை யாரோ பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் ஒரு விலை சொன்னான். அவள் என் காதில் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. உறுப்பினர் மாடு விற்று லாபமடைந்தார் என்று அதிகாரி அறிக்கை எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதற்கு மட்டும் கை தாராளமாக நீண்டது.

தரகர் மேலும் கொழுந்தன் மேலும் அந்த அதிகாரி மேலும் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். என் மேல் உள்ளதும் அப்படியே இருக்கட்டும்.

அடுத்த வருஷம் மாதர் சங்கத்தில் அவள் பெயரைப் புதுப்பிக்க அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் புதிதாக இரண்டு கன்றுகள் கட்டிக் கிடந்தன. தண்ணீர் கொடுத்தாள். என் அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரித்தாள். பெயர் எழுத நான் நோட்டைத் திறந்தபோதுதான் கேட்டாள்.

"இதுக சந்தைக்குப் போற அன்னைக்காவது கைய விடுவியளா டீச்சரம்மா?"

நான் நோட்டை மூடினேன்.