உலக்கையும் சுவர் வெடிப்பும்

மண்சரிவு பார்க்கிற ஐயா காலையில் எங்கள் மலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார். சுவர் வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சீமெந்து குழைத்து ஒட்டினார். அந்த ஈர வாசம் அம்மாவின் கை வாசம் மாதிரியே இருந்தது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா செம்மண்ணும் சாணமும் பிசைந்து அந்த வெடிப்பை அடைப்பாள். அடுத்த மழைக்கு அது மறுபடி திறக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தை குடியிருக்கும் காம்பரா. அத்தை உலக்கை போட்டு மா இடிப்பாள்.

"ஒன் ஒலக்கையாலதான்டி எஞ் செவரு பொளக்குது!" என்று அம்மா வெடிப்பு வழியாகவே கத்துவாள்.

"ஒன் வாயாலதான்டி பொளக்குது!" என்று அதே வழியாகப் பதில் வரும்.

நான் நடுவில் உட்கார்ந்து சோறு தின்பேன். பிறகு கத்துவதும் நின்றது. அம்மா சாகும்வரை இருவரும் முகம் பார்க்கவில்லை.

"இந்த வெடிப்பு ஒலக்கை இடிச்சதாலயா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒலக்கை என்னங்க செய்யும்? அடியில பாறை சரிவா இருக்கு. அதுக்கு மேலதான் மண்ணு. நடுவுல மழைத்தண்ணி எறங்கி, மண்ணு கொஞ்சங்கொஞ்சமா வழுக்குது. செவரு நகர்ந்து கண்ணாடி ஒடைஞ்சா ரெண்டு குடும்பமும் ஒடனே வெளியேறிருங்க."

நகராதது மலைதான் என்று நினைத்திருந்தேன். அப்படியென்றால் அம்மா யாரோடு சண்டை பிடித்தாள்?

ஐயா போனதும் வெடிப்பு வழியாக அத்தையின் குரல் வந்தது.

"தம்பி, இன்னமும் என் ஒலக்கையத்தான் சொல்றாங்களா? ஒங்கம்மா சத்தம் போட்ட நாள்லேருந்து செவரு அதிராம ஒரலுக்கு அடியில சாக்குப் போட்டுத்தானே இடிக்கிறேன்."