வங்கி முனை வரைக்கும் ரோம்

“ம், எடுங்க” என்றார் மேல்வீட்டு அக்கா. பஸ் டிரைவருக்குச் சொல்லும் அதே குரல். இடது கையில் ஸ்டாப்வாட்ச், வலது கக்கத்தில் நீல அட்டை நோட்டு. அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இரும்புக் கேட்டைத் தாண்டி முதல் அடியை எடுத்து வைத்ததும் பொத்தானை அழுத்திவிட்டு அவர் பின்னாலேயே நடந்தார். வங்கி முனை வரும்வரை இருவருக்கும் பேச்சு கிடையாது. நேரம் பிடிக்கும்போது வாயைத் திறந்தால் கணக்கு கெட்டுவிடுமாம்.

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு இதுதான் நடந்தது. எங்கள் வாசலிலிருந்து வங்கி முனை அறுநூறு மீட்டர். நோட்டில் அந்தத் தூரத்துக்கு ‘நீரூற்று – மண்டபம்’ என்று பெயர். ரோம் நகரத்தில் பெரிய நீரூற்றைப் பார்த்துவிட்டு, கூரையில் ஓட்டை வைத்துக் கட்டிய பழைய மண்டபத்துக்கு நடந்துபோக ஏறக்குறைய அவ்வளவு தூரம். இதயம் பழுதான அண்ணனால் அது முடியுமா என்பதுதான் கேள்வி. “அரை கிலோமீட்டர் மூச்சு வாங்காம நடக்கட்டும், அப்புறம் டிக்கெட் போடுங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த பரிசோதனைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அக்காவுக்கு லீவுகூடக் கிடைத்துவிட்டது.

டைம்கீப்பர் அக்கா என்றால்தான் எங்கள் தெருவில் தெரியும். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷமாக, எந்தப் பஸ் எந்த இடத்துக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்று முடிவுகட்டுகிற வேலை. அவருக்கு ‘சீக்கிரம்’, ‘அப்புறம்’, ‘இதோ’ என்ற வார்த்தைகளெல்லாம் வார்த்தைகளே அல்ல. அவர்களுக்குக் கீழே முதல் மாடியில் இருக்கிற நான் ஒருநாள், “ரெண்டு நிமிஷத்துல வரேங்கா” என்று சொல்லிவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர், “ஏழு நிமிஷம் ஆச்சு. ஏழுன்னே சொல்லியிருக்கலாமே, நான் பால அடுப்புல வச்சிருப்பேன்” என்றார். கோபமெல்லாம் இல்லை. தவறைத் திருத்துகிறார், அவ்வளவுதான்.

டிரைவர்களுக்கு அவர் சிம்மசொப்பனம். புது வழித்தடத்துக்கு நேரம் பிடிக்கிற அன்று டிரைவர்கள் வேண்டுமென்றே உருட்டிக்கொண்டு போவார்களாம். கூட நாலு நிமிடம் எழுதி வாங்கிவிட்டால் பிற்பாடு கடைசி ஸ்டாப்பில் நிதானமாக டீ குடிக்கலாம். அக்கா ஒன்றும் சொல்லமாட்டார். தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொள்வார். பத்து நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், துணிப்பையோடு ஏதோ ஒரு ஸ்டாப்பில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார். “பாக்கறாங்கன்னு தெரிஞ்சா யாரும் உள்ளபடி ஓட்டமாட்டாங்க. பாக்காதப்ப ஓட்டுறதுதான் உண்மையான நேரம்” என்பார்.

ரோம் அண்ணனுடைய ஆசை. பிளம்பர் வேலை பார்த்து ஓய்ந்தவர். அடுத்த வீட்டுக் குழாய் சொட்டினால்கூட எழுந்துபோய் இறுக்கிவிட்டு வருகிறவர். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு குழாய் இருக்கிறது, ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் மூடமாட்டார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டார். “நாப்பது வருஷம் தண்ணிய நிறுத்துறதே பொழப்பாப் போச்சு. ஓடட்டும்னு விட்டிருக்கற ஊரு ஒண்ணு இருக்காமே, அதைப் பாக்காமப் போகக் கூடாது” என்றார் என்னிடம். அந்தக் கூரை ஓட்டை வழியாக மழை உள்ளே விழுமாம், தரையில் துளை போட்டு வெளியே கடத்திவிட்டிருக்கிறார்களாம். “எவனோ நம்ம ஆளுதான்” என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஆசை அவருடையது, திட்டம் அக்காவுடையது. மூன்று நாள், ஒன்பது இடம். ஒவ்வோர் இடத்துக்கும் வருகை, புறப்பாடு, சுணக்கம் என்று கோடு போட்ட கட்டங்கள். சுணக்கம் என்பது தாமதத்துக்கென்று ஒதுக்குகிற நேரம். கழிவறைக்கு ஆறு நிமிடம், மூச்சு வாங்க நாலு, வாய் பார்க்க எட்டு என்று எழுதியிருந்ததை நானே படித்தேன். வாய் பார்க்க எட்டு நிமிடம் போதுமா என்று கேட்டதற்கு, “அவருக்கு எட்டு, எனக்கு மூணு. நான் என் பங்கையும் அவருக்கே குடுத்துடுவேன்” என்றார். அப்படியொரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நேரம் குறைந்துகொண்டே வந்தது. முதல் வாரம் பதினாறு நிமிடம், பிறகு பதினாலு, பன்னிரண்டு. ஒரு ஞாயிறு பதினொன்றரை. அன்று அக்கா படியேறும்போதே என் கதவைத் தட்டி நோட்டை விரித்துக் காட்டினார். பின்னால் அண்ணன் கைப்பிடியைப் பற்றியபடி சிரித்துக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். திங்கட்கிழமைகளில் அக்கா டிப்போவுக்குப் போன பிறகு மாடியில் அண்ணன் நடமாடும் சத்தமே இருக்காது. செவ்வாய்க்கிழமை பால் வாங்க அண்ணன் இறங்கி வருவார், என் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். உதடு வெளுத்திருக்கும். தண்ணீர் கொடுத்தால் ரெண்டு வாய் குடிப்பார். “அவகிட்டச் சொல்லிடாதப்பா. ஞாயித்துக்கிழமை ஒருநாள் கொஞ்சம் வேகமா நடந்தா என்ன வந்துடப் போகுது. அந்த நோட்டப் பாத்து அவ சிரிக்கறா பாரு, அதுக்காகத்தான்” என்றார். நான் சொல்லவில்லை. இரண்டு வாரம், மூன்று வாரம், வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பரிசோதனைக்கு முந்தைய வாரம், செவ்வாய்க்கிழமை, அக்கா யாரிடமும் சொல்லாமல் அரைநாள் லீவு போட்டார். எதிர்ச்சாரி மருந்துக்கடை ஓரமாகத் துணிப்பையோடு நின்றார். ஏன் அப்படித் தோன்றியது என்று பிறகு கேட்டேன். “பழக்கம்தான். டாக்டர்கிட்டக் காட்டறதுக்கு உண்மையான நேரம் வேணும்ல” என்றார். பால் கடை நூற்று இருபது மீட்டர். சுவரைப் பிடித்து, கம்பத்தைப் பிடித்து, ஐந்து இடத்தில் நின்று, அண்ணன் அங்கே போய்ச் சேர பதினேழு நிமிடம் ஆயிற்று. அக்கா அதை நோட்டில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியில் மட்டும் எழுத்து கோணலாக இருக்கிறது.

மேலே போகும் வழியில் என் கதவருகே நின்றார். “நீ வீட்டுலதான இருக்க. உனக்குத் தெரியும்ல?”

தெரியும் என்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படியில் உட்கார்ந்தார். “நிமிஷத்தத் திருடறவங்களையே பாத்துப் பழகிட்டேன். தன்கிட்ட இல்லாதத எடுத்துக் குடுக்கற மனுஷனக் கண்டுபிடிக்கத் தெரியல எனக்கு” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். அண்ணனை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் சொன்னார், இதயம் போன தடவையைவிடப் பலவீனமாக இருக்கிறது, விமானப் பயணத்தை இனி மறந்துவிட வேண்டும், மெதுவாக, அவர் இஷ்டத்துக்குக் கொஞ்ச தூரம் நடக்கட்டும். அக்கா ஒரே கேள்வியைத்தான் கேட்டார். “வேகமா நடந்ததாலயா டாக்டர்?” அப்படிச் சொல்ல முடியாதம்மா, தானாகவும் வரக்கூடியதுதான் என்றார் அவர். அக்கா மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். டாக்டர் எழுந்துவந்து கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே பெஞ்சில் அண்ணன் பாஸ்போர்ட் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரிடமிருந்து நேரே டிக்கெட் போடப் போவதாகத்தான் ஏற்பாடு; பால் கடைக்கு அவர் நடந்ததைப் பார்த்ததாக அக்கா அவரிடம் சொல்லியிருக்கவில்லை. “என்ன சொல்றாரு?” என்று நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. அப்படியே என் முழங்காலையும் காட்டினேன். தேஞ்சு போச்சாம். தூரமா நடக்கவே கூடாதுன்னுட்டாரு” என்றார் அக்கா. “ரோமு இப்போதைக்கு முடியாதுங்க. என்னாலதான்.”

ஏழு நிமிடத்தை இரண்டு நிமிடம் என்றால் பொறுக்காத மனுஷி. நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அண்ணன் பாஸ்போர்ட் உறையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, “கால்தான் முக்கியம். ஊரு எங்கயும் ஓடிடாது” என்றார்.

போன ஞாயிறு காலை வெளியே வந்தபோது இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். அக்கா முன்னால், அண்ணன் பின்னால். இருபது அடிக்கு ஒருமுறை அக்காதான் நின்றார். பூட்டியிருந்த தையற்கடைப் படி வந்ததும், “என்னால முடியலைங்க” என்று பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அண்ணன் ஷட்டரைப் பிடித்தபடி நின்றார். நெஞ்சு ஏறி இறங்கி அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதன்பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இந்தக் கால வச்சுக்கிட்டு ரோமுக்குக் கிளம்பினா பாரு இவ” என்றார் என்னைப் பார்த்து. பிறகு அக்கா பக்கம் திரும்பினார். “எந்தக் காலும்மா? நீட்டு, பிடிச்சு விடறேன்.”

அக்கா ஒரு கணம் யோசித்துவிட்டு, வலது காலை நீட்டினார்.