கொண்டைக்குருவிக் குஞ்சின் முகம்

கண்ணாயிக்குப் பிடிவாதம் என்றால் சாமானியப் பிடிவாதம் இல்லை. தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற அத்தனை பெண்களுக்கும் அது தெரியும். சேலத்தில் அவள் புருஷன் போட்டோக் கடை வைத்திருந்த காலத்தில், படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டில் முகங்களுக்கு டச்சிங் பண்ணியது அவள்தான். அம்மைத் தழும்பைப் பென்சிலால் மூடுவாள். பிசிறு முடியைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுப்பாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்ப வந்த பெண்கள் எல்லாரும் அவள் கையால் அழகானவர்கள். புருஷன் செத்ததும் கடையும் போயிற்று. மலையேறி வந்து எட்டு வருஷம் பழக்கூடையோடு நின்றாள். கையெல்லாம் காப்பிக் கறை, நினைப்பெல்லாம் அந்தப் பென்சில்.

பங்களா துரைசானிக்குக் குருவிப் படம் எடுக்கிற பித்து. அதிலும் குஞ்சுகள்தான் வேண்டும், கிட்டத்தில் வேண்டும். மெட்ராஸில் நடக்கப்போகிற படக் கண்காட்சிக்கென்று ஒரு கொண்டைக்குருவிக் குஞ்சை எடுத்தாள். படத்தில் குஞ்சு ஒரே பிசிறாக இருந்தது. டச்சிங் தெரிந்தவள் பறிப்பில் இருக்கிறாள் என்று எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் சொல்லப்போக, கண்ணாயியைக் கூப்பிட்டனுப்பினாள். நன்றாக வந்தால் இனிமேல் பங்களாவிலேயே இந்த வேலை என்றாள்.

விடுவாளா கண்ணாயி? இரண்டு நாள் ஜன்னல் வெளிச்சத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்குச் செய்கிற மாதிரியே எல்லாம் செய்தாள். தலையில் நின்ற பஞ்சு மயிரைச் சுரண்டினாள். வாயோரத்துத் தடித்த தோலை மறைத்தாள். இறகு முளைக்காத இடத்தை நிரவினாள். துரைசானி பார்த்துவிட்டுக் கை தட்டினாள். வேலை உறுதியாயிற்று.

அந்தப் படத்தின் ஒரு பிரதியை வாங்கிவந்து கூலிக்காரர்களின் லைன் வீட்டுப் பெண்களிடம் காட்டினாள். முதலில் பார்த்தது பூவாயி. அந்தக் கூட்டைக் கண்டதே அவள்தான். கூடு இருக்கிற செடியில் ஒரு சேலைக் கிழிசலை முடிந்துவிட்டால் போதும், குஞ்சு பறக்கிற வரைக்கும் அதில் யாரும் பழம் பறிப்பதில்லை, மேஸ்திரியும் ஏனென்று கேட்பதில்லை.

"நொம்ப நல்லாருக்குது கண்ணாயி. ஆனா குஞ்சு எங்க? இது பெரிய குருவியில்ல?" என்றாள் பூவாயி.

கண்ணாயிக்குச் சுருக்கென்றது. வெட்கமாக இருந்தது, தன் மேலேயே ஆத்திரமும் வந்தது. குஞ்சைக் குஞ்சென்று காட்டுகிற ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லையே! கத்தியால் சுரண்டியது இனித் திரும்பியும் வராது.

மறுநாள் காலையில் பங்களாவில் போய் நின்றாள். "படத்தக் கெடுத்துப்போட்டனுங்க. வேற எடுக்கோணுமுங்க."

"மிச்சம் ஒரே பிளேட். அடுத்த பெட்டி வர ரெண்டு மாசம் ஆகும். இந்தப் படமே போதும்," என்றாள் துரைசானி.

"ரெண்டு நாள்ல குஞ்சு பறந்துருமுங்க. அந்த ஒண்ணக் குடுங்க, நானே எடுக்கறனுங்க."

"வீணாக்கினால் நீ பறிப்புக்கே திரும்பவேண்டும்."

"போறனுங்க," என்றாள் கண்ணாயி. கிடைத்த வேலையை அப்படிப் பணயம் வைத்தவளை லைனில் எல்லோரும் கிறுக்கி என்றார்கள்.

முதல் படம் எடுக்கத் துரைசானி கறுப்புத் துணியும் காமிராவுமாய்ப் போய் நின்றபோது தாய்க்குருவி அண்டவே இல்லை, குஞ்சுகள் வெகுநேரம் கூட்டுக்குள் அமுங்கிக் கிடந்தன. பறிக்கிறவர்களைக் கண்டு குருவிகள் மிரளுவதில்லை என்பது கண்ணாயிக்குத் தெரியும். பழக்கூடையில் ஓட்டை போட்டாள். காமிராவை உள்ளே வைத்து மேலே காப்பித் தழையை மூடினாள். படம் தெளிவாக விழக் கூட்டுக்கும் கூடைக்கும் கயிற்றால் அளந்து, கவட்டைக் குச்சியில் கூடையை நிறுத்தினாள். பிறகு காமிராவிலிருந்து வருகிற ரப்பர்க் குழாயின் குமிழை மடியில் செருகிக்கொண்டு பக்கத்துச் செடியில் பழம் பறிக்க ஆரம்பித்தாள்.

முதல் நாள் முழுக்கப் பனிமூட்டம். அவள் காமிராவைத் தொடக்கூட இல்லை. இரண்டாம் நாள் போனால் கூட்டில் ஒரே ஒரு குஞ்சுதான் மிச்சம், அதுவும் விளிம்பில் ஏறி நிற்கிறது. ஆனாலும் கையை நிறுத்தாமல் பறித்துக்கொண்டே இருந்தாள். பத்து மணிவாக்கில் வெயில் விழுந்தது. தாய் பூச்சியோடு வந்தது. குஞ்சு வாயைப் பிளந்து கிடுகிடுவென்று நடுங்கியது. இப்போது எடுத்தால் கலங்கிப்போகும். தாய் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்தாள். தாய் பறந்தது. தின்ற சுகத்தில் குஞ்சு ஒரு நொடி அசையாமல் நின்றது. குமிழை அமுக்கினாள்.

மறுநாள் பங்களா மேஜையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. துரைசானி பூதக்கண்ணாடியை எடுத்துப் புதுப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். தலையில் பஞ்சு மயிர் பறந்தது. வாயோரம் தடித்துத் தொங்கியது. அதில் பூச்சியின் ஒரு கால் ஒட்டியிருந்தது.

"இதில் நீ ஒன்றுமே செய்யவில்லையா?"

"தூசி விழுந்த எடத்த மட்டும் மூடுனனுங்க."

"அப்படியென்றால் முதல் படம்?"

"அது நான் பெத்ததுங்க," என்றாள் கண்ணாயி. "இது குருவி பெத்ததுங்க."

துரைசானி சிரிக்கவில்லை. குருவி பெற்றதை எடுத்து மெட்ராஸுக்குப் போகிற உறையில் வைத்தாள்.