உப்பூரில் நுரைக்காத சீமைச் சோப்பு

காலை ஆறு மணிக்கு மதுரையில் ராமேஸ்வரம் ரயிலில் ஏறியபோது, என் தோல்பையில் இரண்டேகால் ரூபாய்க்கு வாங்கிய சீமைச் சவரச் சோப்பு இருந்தது. அநியாய விலைதான். என்ன செய்வது? எனக்கு முப்பத்திரண்டு வயது. "மாப்பிள்ளை முகம் முத்தலா இருக்கு" என்று இரண்டு பெண் வீட்டில் தட்டிக்கழித்துவிட்டார்கள். உப்பூர் மூன்றாவது இடம். துணைக்கு வந்த என் அக்காள் கணவர், தன் இரண்டணாத் தேங்காயெண்ணெய்ச் சோப்பைக் காட்டி, "ஏம்ப்பா, இதுல செரைச்சா முடி போகாதோ?" என்று வழியெல்லாம் வம்புக்கு இழுத்தார்.

பத்து மணிக்கு ராமநாதபுரம். அங்கிருந்து உப்பூர் இருபது மைல், பஸ்ஸுக்குப் பன்னிரண்டணா. தேவிபட்டினம் தாண்டியதும் வலப்பக்கம் கடல் தெரிந்தது. "பொண்ணு பாக்கவா போறீக?" என்று கண்டக்டர் சிரித்தார். "ஊரு நல்ல ஊரு. தண்ணிதான் வாயில வைக்க ஏலாது." என் கவலையெல்லாம் முகத்தைப் பற்றி. அதைக் காதில் வாங்கவில்லை.

பன்னிரண்டு மணி. பெண்ணின் தகப்பனார் கிணற்றடியில் கண்ணாடியும் வாளியும் வைத்துக் கொடுத்தார். தேய்த்தேன், தேய்த்தேன், நுரை வந்தால்தானே! திரிந்த பாலாட்டம் திப்பி திப்பியாக ஒட்டியது. பக்கத்தில் அத்தானின் இரண்டணாச் சோப்பு பொங்கி வழிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த உப்புத் தண்ணிக்குத் தேங்காயெண்ணெய்ச் சோப்புதான் தம்பி சரிப்படும்" என்றார் தகப்பனார். அவர் அந்தப் பக்கம் போனதும், அடுப்படி வாசலில் மூடி வைத்திருந்த பானையிலிருந்து இரண்டு செம்பு மொண்டேன். தண்ணீர்தானே! அடடா, என்ன நுரை! கன்னம் வழவழத்தது. அத்தானிடம் தாடையைத் தடவிக் காட்டினேன்.

நாலு மணிக்குப் பெண் ராக்கம்மாள் காபி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்த அத்தானின் முகம் கோணியது. ஒரே கரிப்பு.

தகப்பனார் பதறினார். "காபிக்குன்னு நல்ல தண்ணி வச்சிருந்தமே தாயி?"

"விடியக்காலம் ரெண்டு மைல் நடந்து ஊத்துல எறைச்சுக் கொண்டாந்தேன் அய்யா. ரெண்டு மூணு செம்புதான் மிச்சம் இருந்துச்சு. இப்பப் பாத்தா தரை தட்டிக் கெடக்கு. கெணத்துத் தண்ணியிலதான் போட்டேன்."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. "நான்தான் எடுத்தேன். சவரத்துக்கு" என்றேன். அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார். இதுவும் போயிற்று என்று நினைத்தேன். போகட்டும், அவள் நடந்த நடைக்காவது பதில் செய்ய வேண்டாமா? எழுந்து பானையைக் கேட்டேன்.

"ஐயையோ, வேணாம் தம்பி! ஆம்பள பானை தூக்குனா ஊரு சிரிக்கும்!"

பானையோடு இரண்டு மைல் நடந்தேன்; ஊர் சிரிக்கத்தான் செய்தது. மணலில் ஊற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுரந்தது. சிரட்டையால் மொண்டு நிரப்பி, தலையில் பானையுடன் திரும்பும்போது மணி ஆறரை. சட்டை நனைந்து, முகமெல்லாம் வேர்வையும் புழுதியும். இரண்டேகால் ரூபாய்ச் சவரம் போன இடம் தெரியவில்லை. ராக்கம்மாள் பானையை வாங்கி இறக்கினாள். மறுபடி காபி வந்தது. அதைப்போல் ஒரு காபி நான் குடித்ததில்லை.

ஏழு மணி பஸ்ஸுக்குத் தகப்பனார் ஓடிவந்தார். "ராக்குக்குச் சம்மதமாம் தம்பி!"

"பாத்தியா, முகம் பிடிச்சுப்போச்சு" என்றார் அத்தான்.

"மொகத்த எங்க பாத்தா? பானையோட வந்ததத்தான் பாத்தாளாம்" என்றார் தகப்பனார்.

மதுரைக் குழாய்த் தண்ணீரில் சீமைச் சோப்பு இன்றும் பிரமாதமாக நுரைக்கிறது. மாமனார் வீட்டுக்குப் போகும்போது மட்டும் இரண்டணாச் சோப்புதான் கொண்டுபோகிறேன்.