பைன் மரத்தோடு மூன்று நாள்: எங்கள் முதல் ட்ரெயிலர் பயணம்

இருபத்துமூன்று வருடம் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தேன். போன வருடம் என் பிரிவை மூடினார்கள். ஒரு கேக் வாங்கி, அதில் என் பெயரைப் பிழையாக எழுதி, ஐம்பத்தேழு வயதில் என்னை ஓய்வுபெற வைத்தார்கள். மனைவி பவானி இந்த ஜூனில் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் பார்த்த வேலையை விட்டாள். அவளுக்கும் கேக் வெட்டினார்கள். பெயர் சரியாக இருந்தது.

இரண்டு பேரும் வீட்டில். அஹுன்ட்சிக்கில் எங்கள் வீடு சின்னது. ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் தப்ப வழியில்லை. ஜூலையில் பழைய ட்ரெயிலர் ஒன்று வாங்கினேன். பதினாறு அடி, உள்ளே கட்டில், அடுப்பு, மேசை. இங்கே பிரெஞ்சில் ரூலோட் என்பார்கள். பவானியைக் கேட்காமல்தான் வாங்கினேன். கேட்டிருந்தால் வாங்கியிருக்க முடியாது. இரண்டு நாள் அவள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது.

“ஒருக்கா வாறன். எனக்குப் பிடிக்காட்டி அடுத்த கிழமையே விக்கிறது. பேந்து கதையில்லை.”

ஒத்துக்கொண்டேன். காலையில் எழுந்து போவதற்கு எனக்கு ஓரிடமும் இல்லாத நிலையில், உலகத்தில் எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே திட்டம் இந்த ட்ரெயிலர்தான். லவாலில் இருக்கும் அவளுடைய தமையன் பார்க்க வந்தார். ட்ரெயிலரின் சில்லை ஒருமுறை காலால் தட்டினார். “ஊரிலை அகதி முகாமிலை இருந்தது காணாதெண்டு, இப்ப காசு கட்டி முகாமுக்குப் போறியளோ?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பகிடிக்குத் தானே சிரித்தார். இன்னும் எங்காவது சிரித்துக்கொண்டுதான் இருப்பார்.

ஆகஸ்ட் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை 9.15க்குப் புறப்பட்டோம். ட்ரெயிலர்கள் தங்கும் முகாம் வடக்கே, 15ஆம் நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர். ஆனால் பவானிக்கு ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் வாங்க வேண்டும். அது தெற்கே. ட்ரெயிலரோடு அந்தச் சந்தைக்குப் போகாதீர்கள். நிறுத்த இடமில்லை. அவள் சிவப்பு விளக்கில் குதித்து இறங்கினாள். நான் மூன்று முறை சுற்றி வந்தேன். மூன்றாம் முறை பின்னால் வந்த சைக்கிள்காரர் பிரெஞ்சில் என் குடும்பத்தைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு அந்தப் பகுதி பிரெஞ்சு நன்றாக விளங்கும்.

நெடுஞ்சாலையில் மணிக்கு 90க்கு மேல் போகவில்லை. காற்று அடித்தால் ட்ரெயிலர் வாலாட்டும். பெற்றோல் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு. முகாமுக்கு மூன்று இரவுக்கு 156 டொலர், தண்ணீரும் மின்சாரமும் சேர்த்து.

ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்குக் கிடைத்த இடம் ஏரிக்கரையில், ஒரு பெரிய பைன் மரத்துக்கு முன்னால். ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுத்து உள்ளே விட வேண்டும். சுற்றியிருந்தவர்கள் கதிரைகளை எங்கள் பக்கம் திருப்பிப்போட்டுக்கொண்டு பியர் உடைத்தார்கள். முகாமில் தொலைக்காட்சி கிடையாது. புதிதாக வந்தவன் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுப்பதுதான் அங்கே மத்தியான நிகழ்ச்சி.

ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெயிலர் இடப்பக்கம் போகும். இது எனக்குத் தெரியும், படித்தவன். என் கைகளுக்குத் தெரியவில்லை.

“இஞ்சாலை வெட்டுங்கோ!” என்றாள் பின்னால் நின்ற பவானி.

“எங்காலை?”

“இஞ்சாலை எண்டுறன்!”

“நீர் நிக்கிற இடமே கண்ணாடியிலை தெரியேல்லை, எந்த இஞ்சாலை?”

நாற்பது நிமிடம் இப்படிப் போனது. அப்போது பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், கணினி நிறுவனமொன்றில் வேலை, பெயர் செந்தில்.

“சார், நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டே இருந்தேன். இலங்கைத் தமிழ் அப்படியே தேன் மாதிரி சார். சாவியக் குடுங்க, நமக்கு நாமக்கல். அப்பா லாரி வச்சிருந்தாரு, இதெல்லாம் ரத்தத்துல ஊறுனது.”

தேன் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் வியர்த்துப்போய் இருந்தேன், கொடுத்துவிட்டேன்.

மனிதர் உண்மையாகவே கெட்டிக்காரர். ஒரே வெட்டில் ட்ரெயிலர் நேராக உள்ளே வந்தது. பார்வையாளர்கள் கை தட்டினார்கள். மரத்துக்கு நாலடி இருக்கும்போது பவானி, “காணும்!” என்றாள்.

அவர் நிறுத்தவில்லை.

“காணும்! காணும்!”

இன்னும் கொஞ்சம் உற்சாகமாக வந்தார்.

“ஐயோ, காணும் எண்டுறன், காணும், காணும்!”

மரம் அதிர்ந்தது. பின்விளக்கு நொறுங்கியது. ஒரு சில்லு வேரில் ஏறி நிற்க, ட்ரெயிலரைத் தாங்கும் பின்கால் வளைந்து வேருக்குள் செருகிக்கொண்டது.

செந்தில் இறங்கி ஓடிவந்தார். “அக்கா, நீங்கதானே காணோம்னு சொன்னீங்க?”

“ஓம், காணும் எண்டுதானே கத்தினனான்!”

“அதான்க்கா! பின்னாடி ஒண்ணையும் காணோம்னா வரலாம்னுதானே அர்த்தம்?”

எங்களுக்குக் ‘காணும்’ என்றால் ‘போதும்’ என்று பொருள். அவருக்கு அதே ஓசை, எதுவும் கண்ணில் படவில்லை என்று கேட்டிருக்கிறது. பவானி தொண்டை கிழியக் கத்தக் கத்த, பாதை அவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். தேனைக் குடித்தால் போதாது, விளங்கவும் வேண்டும்.

முகாம் பணியாளர் குனிந்து பார்த்தார். இப்போது இழுத்தால் அடித்தட்டும் கிழியும், கருவிகளோடு திங்கட்கிழமை வருகிறேன், அதுவரை இப்படியே இருங்கள் என்றார். அப்படியே இருந்தோம், சாய்ந்தபடி. ட்ரெயிலரை விற்கும் விளம்பரத்தைப் பவானி மனதுக்குள் எழுதிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.

பின்னேரம் அவள் இடியப்பமும் கத்தரிக்காய்க் கறியும் செய்து, கறியை முதலில் மேசையில் வைத்தாள். கறிக்கோப்பை மெதுவாக நகரத் தொடங்கியது. அவள் இரண்டு கையிலும் இடியப்பம்.

“காணும், காணும்!” என்றாள் கோப்பையைப் பார்த்து.

அது நிற்காமல் போய் என் மடியில் இறங்கியது.

“கோப்பையும் நாமக்கல்தான் போலை,” என்றேன்.

பவானி சிரித்தாள். இடியப்பத்தைத் தட்டில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். வேலையை விட்ட பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை. என் கால்சட்டை போனது. கவலைப்படவில்லை.

அடுத்த இரண்டு நாளும் செந்தில் குற்றவுணர்வில் சாம்பார் அனுப்பிக்கொண்டிருந்தார். நல்ல சாம்பார், அதை ஒப்புக்கொள்கிறேன். பவானி முழங்காலளவு ஏரித் தண்ணீரில் நின்று அவருடைய மனைவியோடு மணிக்கணக்காகக் கதைத்தாள். இரண்டு பேருக்கும் எவ்வளவு விளங்கியது என்று நான் விசாரிக்கவில்லை.

திங்கள் காலை பணியாளர் வளைந்த காலைக் கழற்றி, பின்விளக்குக்குப் பதிலாக ஒரு தற்காலிக விளக்கும் பூட்டித் தந்தார். நான் கார்க் கதவைத் திறந்தேன். “தள்ளி நில்லுங்கோ, நான் ஓடுறன்,” என்று சாவியை வாங்கிக்கொண்டாள் பவானி. முகாமின் வெறும் புல்வெளியில் ஒரு மணி நேரம் பின்னுக்கு எடுத்துப் பழகினாள். அழுகிற முப்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவளுக்கு ஒரு ட்ரெயிலர் பெரிய விஷயமில்லை. எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளி மாலை 15ஆம் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். பின்னுக்கு எடுக்காமல், ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியே வரக்கூடிய இடமாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள், சில டொலர்தான் கூட. சில்லுக்கு அணைகொடுக்க இரண்டு மரக்கட்டை, உடைந்தால் மாற்ற ஒரு பின்விளக்கு கொண்டுபோங்கள். பின்னுக்கு எடுக்கும்போது வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம். கையை உயர்த்தினால் நிற்பது, அவ்வளவுதான். ஒரே மொழி பேசுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

வீட்டு வாசலில் ட்ரெயிலரை விட்ட பிறகு கேட்டேன். கேட்காமலிருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

“அப்ப, விக்கிறதோ?”

பவானி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“வித்தா? பேந்து நீங்கள் நாள் முழுக்க வீட்டிலையெல்லோ நிப்பியள்.”

அடுத்த மாதம் ட்ரெயிலரோடு கிழக்கே, கடலோரக் காஸ்பேக்கு. 900 கிலோமீட்டர். அவள்தான் பதிவு செய்திருக்கிறாள், என்னைக் கேட்காமல்.